பெர்கோலாவுக்கு எந்த மரம் என்று கேட்பதற்கு முன்

வீட்டின் பின்புறத் தளத்தின்மேல் சுமார் 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளத்தில் மரத்தால் ஒரு பெர்கோலா, அதாவது தூண்கள்மேல் சட்டங்களை இடைவெளிவிட்டு அடுக்கிய நிழற்பந்தல், கட்ட ஒப்பந்தக்காரரைத் தேடுகிறீர்கள். எந்த மரம் நல்லது, எத்தனை ஆண்டு உழைக்கும், கட்டியவரிடமே ஆண்டுப் பராமரிப்பையும் ஒப்படைத்துவிடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கவலைதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: மரவேலை தெரியாத ஒருவர், தெரிந்தவரிடம் பணத்தைக் கொடுக்கும்போது, வேலை சரியாக நடக்கிறதா என்று எதை வைத்துக் கண்டுகொள்வது? அதற்கே பதில் சொல்கிறேன். வெளிப்புற மரவேலைகளைக் கட்டுவதும், பழுதானவற்றைப் பிரித்துச் சரிசெய்வதும் என் தொழில். மரம் எங்கே, ஏன் கெடுகிறது என்பதைக் கட்டும்போது கற்றதைவிடப் பிரிக்கும்போதுதான் அதிகம் கற்றேன்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பெர்கோலாவின் சட்டம் நட்டநடுவில் உளுத்துப்போவது அரிது. தூணின் அடி, சட்டங்களின் வெட்டுமுனை, இரண்டு மரங்கள் ஒன்றோடொன்று படியும் மூட்டு, போல்ட் துளை ஆகிய இடங்களில்தான் அழுகல் தொடங்குகிறது. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் உலர் எடையில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது வளர முடியாது. 30 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ ஈரம் நீடித்தால் அது செழித்துவிடும். மழையில் நன்றாக நனைந்தாலும் ஓரிரு நாளில் காய்ந்துவிடும் மரத்தில் பூஞ்சைக்குப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. காற்றுப் புகாத இடுக்கில் தேங்கிய நீரோ வாரக்கணக்கில் காயாமல் இருக்கும். அதனால்தான் என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம், மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் தண்ணீர் எங்கே தங்கும் என்று கேளுங்கள் என்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒப்பந்தக்காரர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே அவருடைய அனுபவம் ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

வெட்டுமுனையைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய நுண்குழாய்கள், அறுத்த பிறகும் மரத்துக்குள் அப்படியேதான் இருக்கின்றன. அந்தக் குழாய்களின் வாய் திறந்திருக்கும் இடம் வெட்டுமுனை. ஆகவே பக்கவாட்டு முகத்தைவிட அது பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். தூணின் அடிப்பாகம் முழுவதுமே வெட்டுமுனைதான். அதை மண்ணில் புதைப்பது தவறு என்று பலருக்கும் தெரியும். கான்கிரீட்டில் புதைத்தால் உறுதி என்ற நம்பிக்கைதான் இன்னும் போகவில்லை. மரம் காய்ந்து சுருங்கியதும் கான்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விழும். அதன் வழியே இறங்கும் மழைநீர் வெளியேற வழியில்லாமல், கிண்ணத்தில் ஊற்றிவைத்ததுபோல் தூணின் அடியில் நின்றுவிடும். தரைமட்டத்தை ஒட்டி ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பதால் அங்கேதான் அழுகல் மிகக் கடுமையாக இருக்கும். மேலே பார்ப்பதற்குப் புதிதுபோல் பளபளக்கும் தூண், அடியில் விரலால் கிள்ளினால் உதிர்கிற நிலையில் இருக்கும்.

சரியான முறை இது: கான்கிரீட் அடிமானத்தின் மேல்முகம் தரையிலிருந்து சற்று உயர்ந்து, நீர் வடியும்படி வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அதில் துத்தநாகத்தில் முக்கியெடுத்த தடித்த இரும்புத் தாங்கியைப் பதித்து, தூணின் அடி கான்கிரீட்டைத் தொடாமல் குறைந்தது 25 மில்லிமீட்டர், முடிந்தால் 50 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி போல்ட் போட வேண்டும். தூணை நாற்புறமும் பெட்டிபோல் சூழும் தாங்கியானால் அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லாவிட்டால் கான்கிரீட்டில் புதைத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இந்த இடைவெளியால் இன்னொரு பயனும் உண்டு. கரையானை அது தடுத்துவிடாது, ஆனால் கரையான் மேலே ஏற வேண்டுமானால் இரும்பின்மேல் மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். அது உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

மேலே உள்ள மூட்டுகளிலும் இதே கண்ணோடு பாருங்கள். தூணின் இருபக்கமும் ஒவ்வொரு உத்திரத்தை ஒட்டவைத்துப் போல்ட் போட்டு இறுக்குவது வேகமான முறை. உத்திரம் தாங்கும் பாரம் முழுவதும் போல்ட்டுகள்மேல் விழுவதும், இரு மரங்களுக்கும் நடுவே நீர் சிக்கிக்கொள்வதும் அதன் குறைகள். தூணில் படி வெட்டி அதன்மேல் உத்திரத்தை உட்காரவைத்தால் பாரம் மரத்தின் வழியாகவே கீழே இறங்கும். அதை நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும் போல்ட்டின் வேலையாகிவிடும். ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் பொருத்தும் பழைய முறை அழகானது, உறுதியானது. ஆனால் திறந்த வெளியில், மேல்நோக்கிய துளைக்கு அடியில் வடிகால் இல்லாவிட்டால் அதுவே நீர்த்தொட்டியாகிவிடும். தூணின் தலை உத்திரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதைச் சரிவாக அறுத்திருக்க வேண்டும் அல்லது உலோகத் தகட்டால் மூடியிருக்க வேண்டும். உத்திரத்தின் மேல்முகத்துக்கும் தகடு போடுவதில் செலவு அதிகமில்லை, பயன் மிகப் பெரிது. வரைபடத்தில் இவை காட்டப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் முப்பரிமாணப் படம் மட்டும் தந்து, மூட்டுகளின் விவரப்படம் தராவிட்டால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி மரம். எந்த வகையானாலும், நடுவிலுள்ள வைரம் பாய்ந்த பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள வெண்பகுதிக்கும் ஆயுளில் பெரிய வேறுபாடு உண்டு. தேக்கு நீடித்துழைக்கும் என்ற நற்பெயர் அதன் வைரப்பகுதியால் வந்தது. தேக்கின் வெண்பகுதி மற்ற மரங்களின் வெண்பகுதியைப்போலவே விரைவில் கெடும். தோட்டத்தில் வேகமாக வளர்த்து இளமையிலேயே வெட்டிய தேக்கில் வெண்பகுதியின் பங்கு அதிகம். ஆக, "தேக்கு" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதாது, "வைரப்பகுதி மட்டும்" என்றும் எழுதுங்கள். மரம் வந்து இறங்கும் நாளில் வெட்டுமுனைகளைப் பாருங்கள், வெளிறிய வெண்பகுதி எளிதில் தெரியும். விலையுயர்ந்த மரம் வாங்க விருப்பம் இல்லையென்றால், அழுத்தமுறையில் மருந்து ஏற்றிய பைன் நேர்மையான தேர்வு. அதில் எந்த வகுப்பு என்று கேட்டு வாங்க வேண்டும். ஐரோப்பிய நெறிமுறையில் தரையைத் தொடாத வெளிப்புற மரத்துக்குப் பயன்பாட்டு வகுப்பு 3, மண்ணைத் தொடுவதற்கு வகுப்பு 4. ஆஸ்திரேலியாவில் இவற்றுக்கு இணையானவை எச்3, எச்4. தரைக்கு மேல் நிற்கும் தூணுக்கும் மண்ணைத் தொடுவதற்கான வகுப்பையே கேளுங்கள் என்பது என் பரிந்துரை. கட்டாயம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நாளைக்குத் தூணைச் சுற்றித் தோட்டமண் ஏறாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மருந்தேற்றிய மரத்தில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. மருந்து மரத்தின் நடுவரைக்கும் போவதில்லை. வெளிப்புறத்தில் ஓர் ஆழம் வரைதான் இறங்கும். கட்டுமிடத்தில் அறுக்கும்போதும் துளையிடும்போதும் மருந்தில்லாத உட்பகுதி வெளியே வந்துவிடுகிறது. அந்த ஒவ்வொரு முகத்திலும் வெட்டுமுனைக்கான மருந்தைத் தாராளமாகப் பூச வேண்டும். இதைச் செய்ய வேலையாட்களுக்கு அதிக நேரம் ஆகாது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் செய்வார்கள். பழைய மருந்துகளில் ஆர்செனிக் இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை ஏற்றுவது 2003 இறுதியோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய பழைய மரத்தை மறுபடி பயன்படுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதிய மரமானாலும் மிஞ்சிய துண்டுகளை அடுப்பிலோ குப்பையிலோ எரிக்கக் கூடாது. புகையும் சாம்பலும் நஞ்சு.

மரத்தின் ஈரத்தைக் கட்டுவதற்கு முன்பே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஊசிகள் உள்ள சிறிய ஈரமானி போதும். நல்ல தச்சர் எவரிடமும் அது இருக்கும். பெரும்பாலான தட்பவெப்பங்களில் வெளிப்புற மரம் 12 முதல் 18 விழுக்காட்டுக்குள் நிலைபெறும். அதைவிட மிகப் பச்சையான மரத்தைப் பொருத்தினால் அது நிற்கும் இடத்திலேயே காய்ந்து சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் மிகக் குறைவு, குறுக்குவாட்டில் கணிசமானது. 150 மில்லிமீட்டர் உயரமுள்ள பச்சை உத்திரம் காய்ந்து முடிக்கையில் 5, 6 மில்லிமீட்டர் வரை குறையலாம். இறுக்கிய போல்ட் தளர்வதும், மூட்டு வாய்பிளப்பதும் இதனால்தான். தடித்த தூணில் நீளவாட்டில் வெடிப்பு விழுந்தால் பதற வேண்டாம், அது மரத்தின் இயல்பு. ஆனால் வெடிப்பு போல்ட் வரிசையின் ஊடாக ஓடினாலோ, உத்திரத்தின் முனையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவினாலோ கட்டியவரைக் கூப்பிட வேண்டும்.

இரும்புச் சாமான்களில் மிச்சம்பிடிப்பதைப்போல் வீண் சிக்கனம் வேறில்லை. இன்றைய மருந்துகளில் தாமிரம் அதிகம். அது சாதாரண இரும்பையும் மெல்லிய பளபளப்புப் பூச்சுள்ள திருகாணியையும் அரித்துவிடும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தவை அல்லது துருப்பிடிக்காத எஃகு என்று எழுதி வாங்குங்கள். கடலுக்கு அருகில் இருந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் 316 தரம் வேண்டும். தேக்கு, ஓக், சீடர் போன்றவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் நீலக்கருப்புக் கறை வழியும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் அந்தக் கறையைப் போக்கலாம், ஆனால் அது நஞ்சு. கையுறையோடு பூசி நன்றாகக் கழுவ வேண்டும்.

பெர்கோலா நிலையாக நிற்குமா என்பது தனிக் கேள்வி. நான்கு தூணும் மேலே சட்டமும் மட்டும் இருந்தால் கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்கிவிடும். பக்கவாட்டில் தள்ளினால் சாய்ந்துவிடும். தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே 45 பாகைச் சாய்வுத் தாங்குகட்டை இரு திசைகளிலும் வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டு விசையைத் தாங்குமளவு இறுக்கமாகத் தூணின் அடியைப் பிடித்திருக்க வேண்டும், முன்னர் சொன்ன சாதாரணத் தாங்கி அதற்குப் போதாது. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக உயரும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. திறந்த சட்டங்களின் ஊடே காற்று போய்விடுவதால் பெர்கோலா தப்பிக்கிறது. பின்னாளில் அதன்மேல் பாலிகார்பனேட் தகடு போட்டாலோ, கொடி அடர்ந்து மூடினாலோ அது கூரையாகிவிடும். காற்று அதை மேலே தூக்கப் பார்க்கும். அப்போது அடிமானத்தின் எடையே அதைப் பிடித்துவைக்க வேண்டும். தகடு போடும் எண்ணம் இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள். ஊஞ்சல் மாட்டும் எண்ணமும் அப்படித்தான். செங்குத்திலிருந்து 60 பாகை வரை ஆடினால், கீழே கடக்கும் கணத்தில் கயிற்றின் இழுவை ஆளின் எடையைப்போல் இரண்டு மடங்காகும், கூடவே பக்கவாட்டு இழுப்பும் மாறி மாறி வரும். நிழலுக்காகக் கட்டிய உத்திரத்தில் பிறகு கொக்கி மாட்டக் கூடாது.

வீட்டுச் சுவரில் ஒரு பக்கத்தைப் பொருத்தினால் இரண்டு தூண் மிச்சமாகும். ஆனால் சுவரில் பதிக்கும் கட்டைக்குப் பின்னால் நீர் இறங்காதபடி மேலே தகடு வேண்டும், போல்ட்டுகள் சுவரின் காரைப்பூச்சைத் தாண்டிக் கட்டுமானத்துக்குள் இறங்க வேண்டும். இரண்டும் சரியாக நடக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால், தனியே நிற்கும் பெர்கோலாவையே நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் மண், காற்று, தளத்தின் தடிமன் ஆகியவற்றை நேரில் பார்க்காமல் அடிமானத்தின் அளவை எவரும் சொல்லிவிட முடியாது. அங்கே என் அனுபவத்தைவிடக் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்குதான் செல்லும். கட்டட அனுமதி தேவையா என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் விதி வேறு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டி முடித்தபின் வரும் ஏமாற்றங்களில் இது முதன்மையானது: நிழல் போதவில்லை என்பது. 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள சட்டங்களை 100 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால், சூரியன் உச்சியில் இருக்கும்போது தரையில் மூன்றில் ஒரு பங்குதான் நிழல். சட்டங்களுக்குக் குறுக்கே 60 பாகை உயரத்திலிருந்து வெயில் வந்தால், 100 மில்லிமீட்டர் ஆழமுள்ள சட்டத்தின் நிழல் சுமார் 58 மில்லிமீட்டர் நீளும். தரையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல், அதாவது சுமார் 72 விழுக்காடு மூடிவிடும். 45 பாகைக்கு இறங்கினால் இடைவெளி முழுவதும் நிழல். சட்டங்கள் நீளவாட்டிலேயே வெயிலை நோக்கி ஓடினால் இந்த ஆதாயம் எதுவும் கிடைக்காது. காலை, மாலை வெயில் தொல்லை என்றால் சட்டங்கள் வடக்கு தெற்காக ஓடட்டும். நண்பகல் வெயில் வானத்தின் ஒரு பக்கம் சாய்ந்து வரும் இடமென்றால் கிழக்கு மேற்காக. எந்த நேரத்தில் அங்கே உட்காரப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இதை முடிவுசெய்யுங்கள்.

பூச்சு விஷயத்தில் கருத்துவேறுபாடுகள் உண்டு. என் சாய்வைச் சொல்கிறேன். வெயிலின் புறஊதாக் கதிர் மரத்தின் மேற்பரப்பில் மரநார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது, அதனால் மரம் சாம்பல் நிறமாகிறது. நிறமற்ற வார்னிஷ் அந்தக் கதிரை முழுதாகத் தடுப்பதில்லை. அடியில் மரம் சிதைந்ததும் படலம் வெடித்து உரிகிறது, வெடிப்பில் நுழைந்த நீர் உள்ளேயே தங்குகிறது, மறுபடி பூச வேண்டுமானால் முழுவதையும் சுரண்ட வேண்டும். நிறமி கலந்த, மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சு இந்த வகையில் நல்லது. அது மங்குமே தவிர உரியாது. கழுவிக் காயவைத்து மேலேயே பூசிவிடலாம். முதல் பூச்சு, பொருத்துவதற்கு முன்பே ஆறு முகங்களிலும் ஏற வேண்டும். மூட்டுக்குள் போய்விட்ட முகத்துக்குப் பிறகு தூரிகை எட்டாது. எதுவும் பூசாமல் சாம்பல் நிறமாக விட்டுவிடுவதும் நீடித்துழைக்கும் வைரமரத்தில் தவறில்லை. வெயிலும் மழையும் மேற்பரப்பைத் தேய்க்கும் வேகம் ஊசியிலை மரங்களிலேயே நூறு ஆண்டுக்கு 6 மில்லிமீட்டர் அளவுதான். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெளிவிடும் வெப்பத்தில் அவை தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிறைந்த மூடிய உலோகக் கலனில் போடுங்கள்.

எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். ஒரே லாட்டில் வந்த மரத்தில், நீர் வடியும்படி கட்டிய தூண் நன்றாக நிற்கும்போது, புதைத்துக் கட்டிய தூணை மாற்ற வேண்டிவரும். ஒப்பந்தக்காரர் உத்தரவாதம் தந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். மரம் விற்பவர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் மரத்துண்டுக்கு மட்டும்தான். அழுகிய தூணைப் பிரித்து மாற்றும் கூலி அதில் அடங்காது. அவர் அண்மையில் முடித்த வேலையைப் பார்ப்பதைவிட, சில மழைக்காலங்களைக் கடந்த பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொல்லி அதன் தூண் அடியைக் குனிந்து பாருங்கள். பணத்தைப் படிப்படியாகக் கொடுங்கள்: அடிமானம் முடிந்ததும் ஒரு பகுதி, மரம் வந்து நீங்கள் பார்த்தபின் ஒரு பகுதி, நின்று முடிந்ததும் ஒரு பகுதி. முதல் உலர்பருவம் கடந்து போல்ட்டுகளை மறுபடி இறுக்கித் தரும்வரை ஒரு சிறு தொகையை நிறுத்திவைக்கலாமா என்று தொடக்கத்திலேயே பேசிப் பாருங்கள்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, அந்த முதல் மறுஇறுக்கத்தைக் கட்டியவரே செய்ய வேண்டும். அதைக் கட்டும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம். அதன்பின் ஆண்டுக்கொருமுறை செய்ய வேண்டியதை நீங்களே செய்யலாம். மழைக்காலம் முடிந்ததும் கூரிய திருப்புளியால் தூண் அடியையும் மூட்டுகளையும் அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், கெட்ட மரத்தில் முனை இறங்கும். மூட்டுகளில் சேர்ந்த சருகை எடுங்கள், தூணை ஒட்டிய மண்ணை விலக்குங்கள், கொடியைச் சட்டத்தில் நேராகப் படரவிடாமல் சற்று விலகிய கம்பியில் ஏற்றுங்கள். மேல்முகத்தில் நீர் தெளித்தால் முத்துமுத்தாக நிற்க வேண்டும். உறிஞ்சிக் கருத்தால் பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. மேல்முகம் பக்கங்களைவிட முன்னதாகத் தேயும், அதை மட்டும் தனியே பூசுவதில் தவறில்லை. உயரழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள்; அது மரநாரைக் கிழித்து ஈரம் ஏற வழி செய்துவிடும்.

ஆகவே மாதத் தவணையில் கட்டும் ஆண்டு ஒப்பந்தம் இந்த அளவுள்ள பெர்கோலாவுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. உயரத்தில் ஏறிப் பூச முடியாத நிலை இருந்தால், பூச்சு மங்கும்போது மட்டும் ஆளைக் கூப்பிட்டு அந்த வேலைக்கு மட்டும் கூலி பேசுங்கள். அதற்காகக் கட்டி முடித்த அன்றே மரத்தின் வகை, ஏற்றிய மருந்து, பூச்சின் பெயர், நிற எண் ஆகியவற்றை எழுதி வாங்கிவையுங்கள். பழைய எண்ணெய்ப் பூச்சின்மேல் அதோடு ஒட்டாத வேறு பூச்சை அடித்துவிட்டு, அது உரிந்ததும் மரத்தைக் குறைசொல்வது அடிக்கடி நடக்கிறது.